நகராட்சித் துணைவிதிகளும் அபராதமும்

நாட்டின் எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும், நகராட்சி அல்லது மாநகராட்சி மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் அவ்வப்போது இடம்பெறும் பொருள் ஒன்று உண்டு. தெருவில் குப்பை கொட்டுதல், பொது இடத்தில் எச்சில் துப்புதல், நடைபாதையை அடைத்துச் சாமான்களை அடுக்குதல், அனுமதியின்றி விளம்பரத் தட்டி நிறுத்துதல் போன்ற மீறல்களுக்கு இப்போதுள்ள அபராதம் போதுமானதன்று. அதை உயர்த்த மன்றம் ஒப்புதல் அளிக்க வேண்டும் என்று நிர்வாகம் ஒரு குறிப்பைச் சமர்ப்பிக்கும். உறுப்பினர்கள் உடனே இரு அணியாகப் பிரிவார்கள். இருநூறு ரூபாய்க்கு யார் அஞ்சுவார்கள், இரண்டாயிரம் ஆக்குங்கள் என்பார் ஒருவர். பிடிபடப் போவது தள்ளுவண்டிக்காரர்தானே, பெரிய கடைக்காரரிடம் யார் போய்க் கேட்கப் போகிறார்கள் என்பார் மற்றொருவர். ஒரு மணி நேர வாதத்துக்குப் பின் இரண்டுக்கும் நடுவே ஒரு தொகை தீர்மானமாகும். அது மாநில அரசுக்குச் செல்லும், கெஜட்டில் வெளிவரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அதே தெருமுனையில் அதே குப்பைமேடு இருக்கும்.

இரு தரப்பாரும் சொல்வதில் உண்மை உண்டு. குறை என்னவெனில், விவாதம் தொகையோடு தொடங்கித் தொகையோடு முடிந்துவிடுகிறது. அபராதம் பயன் தருமா என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளில் தொகையும் ஒன்று, அது முதன்மையானதன்று. மீறல் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு, தண்டிக்கும் அதிகாரம் யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது, விதியைப் பின்பற்றுவதற்கான வசதியை நகராட்சி முன்கூட்டியே செய்து கொடுத்திருக்கிறதா ஆகிய கேள்விகளே பலனை நிர்ணயிக்கின்றன. மன்றத்தில் அதிக நேரம் பெற வேண்டியவை இவையே.

அதிகாரத்தின் எல்லை

முதலில், மன்றத்துக்கு எந்த அளவுக்கு அதிகாரம் உண்டு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நாடாளுமன்றமும் மாநிலச் சட்டசபைகளும் இயற்றுவது சட்டம். அச்சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் வகுத்துக்கொள்வது துணைவிதி. மும்பை மாநகராட்சியின் துணைவிதிகளுக்கு 1888ஆம் ஆண்டுச் சட்டமும், தில்லி மாநகராட்சியின் துணைவிதிகளுக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டமும் ஆதாரம். ஏனைய நகரங்களுக்கும் அந்தந்த மாநிலச் சட்டங்கள் உள்ளன. 1992ஆம் ஆண்டில் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. அத்திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையிலுள்ள 18 பொருள்களில் பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை ஆகியவை அடங்கும். ஆயினும் இப்பொருள்களை நகராட்சிகளிடம் ஒப்படைப்பது மாநிலச் சட்டசபையின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. அபராதத்தின் உச்ச வரம்பையும் தாய்ச்சட்டமே விதிக்கிறது. அந்த வரம்பைத் தாண்டி மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினாலும் அது செல்லாது.

துணைவிதி பிறக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. வரைவு முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும் எனத் தாய்ச்சட்டம் கூறுமிடத்து, 1897ஆம் ஆண்டுப் பொதுச் சொல்விளக்கச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அதற்கான முறையை வகுக்கிறது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களுக்குத் தேதி குறித்து, வந்த ஆட்சேபங்களைப் பரிசீலித்த பின்னரே விதி இறுதி வடிவம் பெறும். பெரும்பாலான மாநிலங்களில் அரசின் உறுதிப்பாடும் தேவை. அரசியலமைப்பின் 20(1)ஆவது பிரிவின்படி, மீறல் நிகழ்ந்த நாளில் என்ன தண்டனை இருந்ததோ அதற்கு மேல் விதிக்க இயலாது. நேற்றைய குப்பைக்கு இன்றைய அபராதம் பொருந்தாது.

இவ்விடத்தில் பழைய ஆங்கிலேய வழக்கு ஒன்றை மாணவர் அறிந்திருத்தல் நல்லது. கென்ட் கவுண்டி மன்றம் ஒரு துணைவிதி செய்தது. வீடுகளுக்கு ஐம்பது கஜத் தொலைவுக்குள் பொது இடத்தில் பாடுவோர், நிறுத்துமாறு சொன்னபின்னும் தொடர்ந்தால் அபராதம் என்பது அதன் சாரம். 1898ஆம் ஆண்டில் குரூஸ் எதிர் ஜான்சன் என்ற வழக்கில் அந்த விதி நியாயமானதா என்ற கேள்வி எழுந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் தன் ஊரின் தேவையறிந்து செய்யும் விதியை நீதிமன்றம் ஆதரவான கண்ணோட்டத்துடன் பார்க்க வேண்டும். ஒருதலைப்பட்சமாகவோ வெளிப்படையான அநீதியாகவோ இருந்தாலன்றி அதைத் தள்ளிவிடலாகாது எனத் தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபு தீர்ப்பளித்தார். இந்திய நீதிமன்றங்களும் இக்கருத்தை எடுத்தாண்டுள்ளன. துணைவிதிக்கு நீதிமன்றம் காட்டும் மரியாதை, அதைச் செய்தவர்கள் வாக்காளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதிலிருந்து பிறக்கிறது. இக்கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு இது தேவைப்படும்.

தொகை தேய்வது

அபராதம் போதாது என்று முறையிடும் உறுப்பினரின் பக்கம் ஒரு வலுவான சான்று உண்டு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 290ஆவது பிரிவு பொதுத் தொல்லைக்கு இருநூறு ரூபாய் வரை அபராதம் விதித்தது. அக்காலத்தில் அது ஒரு சாதாரணச் சிப்பந்தியின் பல மாத ஊதியம். அந்த இருநூறு ரூபாய் 2024 ஜூன் 30 வரை இருநூறு ரூபாயாகவே நீடித்தது. மறுநாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆவது பிரிவு அதை ஆயிரம் ரூபாயாக்கியது. 164 ஆண்டுகளில் ஐந்து மடங்கு உயர்வு! இடைக்காலத்தில் விலைவாசி எத்தனை மடங்கு உயர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சித் துணைவிதிகளின் நிலையும் பல இடங்களில் இதுவேதான். சட்டம் தொகையை ரூபாயில் குறிப்பிடுகிறது. ரூபாயின் மதிப்போ நிலையாக நிற்பதில்லை.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. ஜன் விஸ்வாஸ் சட்டம், 2023 என்ற மத்தியச் சட்டம் 42 சட்டங்களில் 183 ஏற்பாடுகளைத் திருத்தியபோது, அச்சட்டங்களின் கீழுள்ள அபராதங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தபட்சத் தொகையில் பத்து சதவிகிதம் தாமாகவே உயரும் என்றும் விதித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் ஆண்டுதோறும் பத்து சதவிகிதத்துக்கு மிகாமல் உயர்த்த இடமளித்தது. இவ்வழியை மாநில நகராட்சிச் சட்டங்கள் பின்பற்றலாம். ஆனால் மூன்றாண்டுக்குப் பத்து சதவிகிதம் என்பது கணக்கிட்டால் ஆண்டுக்கு மூன்று சதவிகிதத்துக்குச் சற்றே மேல். ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் விதிக்கப்பட்ட பணவீக்க இலக்கே நான்கு சதவிகிதம். ஆகவே இந்த ஏற்பாட்டிலும் அபராதத்தின் உண்மை மதிப்பு மெல்லத் தேயவே செய்யும். விலைவாசிக் குறியீட்டெண்ணுடன் நேராக இணைப்பது மேல்.

கடுமையும் உறுதியும்

தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்ற கருத்து புதியதன்று. இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே அதை எழுதினார். 1968ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் அக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார். மீற நினைப்பவன் மனத்தில் எடை போடுவது அபராதத் தொகையை மட்டுமன்று. அத்தொகையையும் பிடிபடும் வாய்ப்பையும் பெருக்கி வரும் தொகையை. பெக்கரின் வாதத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. கண்காணிப்புக்குச் செலவாகும், தொகையை உயர்த்தச் செலவில்லை. ஆகவே கண்காணிப்பைக் குறைத்துத் தொகையை உயர்த்தலாம் என்பதே அது. பணமுடையில் இருக்கும் நகராட்சிக்கு இது கேட்க இனிமையான வாதம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். குப்பை கொட்டும் நூறு பேரில் ஒருவர் பிடிபடுகிறார், அபராதம் 200 ரூபாய் என்று கொண்டால், ஒவ்வொரு முறை கொட்டும்போதும் எதிர்பார்க்கத்தக்க இழப்பு இரண்டு ரூபாய். அபராதத்தை 1,000 ரூபாயாக்கினால் அது பத்து ரூபாயாக உயர வேண்டும். ஆனால் தொகை உயர்ந்த பின் ஆயிரம் பேரில் ஒருவரே பிடிபடும் நிலை வந்தால் இழப்பு ஒரு ரூபாயாகிவிடும். அபராதம் ஐந்து மடங்கு உயர்ந்தும் அச்சம் பாதியாகக் குறைந்துவிட்டது!

தொகை உயரும்போது பிடிபடும் வாய்ப்பு ஏன் குறைய வேண்டும்? ஏட்டுக் கணக்கில் இரண்டும் தனித்தனி, தெருவில் அப்படியில்லை. ஆயிரம் ரூபாய் கேட்கும்போது மீறியவர் வாதாடுகிறார், கூட்டம் கூடுகிறது, வார்டு உறுப்பினருக்குத் தொலைபேசி போகிறது. துப்புரவு ஆய்வாளர் ஒரு ரசீது எழுதும் நேரத்தில் முன்பு ஐந்து எழுதியிருப்பார். எளியவரிடம் பெருந்தொகை கேட்க அவருக்கே மனம் வருவதில்லை, எச்சரித்து அனுப்பிவிடுகிறார். வேறு வகை ஆய்வாளராக இருந்தால், உயர்ந்த அபராதம் பேரம் பேசும் எல்லையை அவருக்கு விரித்துத் தருகிறது. இருநூறு ரூபாய் அபராதத்தில் பேரத்துக்கு அதிகம் இடமில்லை. ஐயாயிரம் ரூபாய் அபராதத்தை ஐந்நூறு ரூபாயில் முடித்துக்கொள்வது இருவருக்கும் லாபம். இழப்பு நகரத்துக்கு மட்டும்.

அண்மைக்கால அனுபவங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. 2019 செப்டம்பர் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய அபராதங்கள் அமலுக்கு வந்தன. தலைக்கவசம் அணியாமைக்கு நூறு ரூபாய் ஆயிரமாயிற்று. குடித்துவிட்டு ஓட்டுதலுக்கு இரண்டாயிரம் பத்தாயிரமாயிற்று. அம்மாதமே குஜராத் அரசு தலைக்கவச அபராதத்தை ஐந்நூறாகக் குறைத்தது. வேறு சில மாநிலங்களும் பல இனங்களில் குறைத்தன, அல்லது அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டன. மேலிருந்து நிர்ணயிக்கப்பட்ட தொகையைக் கீழே வசூலிக்க வேண்டியவர்கள் அதை ஏற்கவில்லை என்பதே இதன் பொருள். மும்பையில் 2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றின்போது முகக்கவசம் அணியாதவர்களுக்கு முதலில் ஆயிரம் ரூபாய் விதிக்கப்பட்டது. செப்டம்பரில் அது இருநூறாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் பல லட்சம் பேரிடம் அபராதம் வசூலாயிற்று. தண்டனை தளர்ந்த பிறகே அமலாக்கம் இறுகியது என்பது மன்ற உறுப்பினர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். மிகச் சிறிய அபராதம் தண்டனையாகவே கருதப்படாமல் விலையாகக் கருதப்படலாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதிக்கும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்காயிற்று. முன்பு ஆசிரியைக்குத் தொந்தரவு தருகிறோமே என்று கூசியவர்கள், இப்போது பணம் கட்டுகிறோமே என்று நிம்மதியடைந்தார்கள். அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. கட்டட இடிபாடுகளைச் சாலையோரம் கொட்டும் ஒப்பந்தக்காரர் நகராட்சி அபராதத்தை லாரி வாடகையோடு சேர்த்து மதிப்பீட்டில் எழுதிக்கொள்வது இவ்வகைதான். அவர் விஷயத்தில் தொகையை உயர்த்த வேண்டும் என்ற வாதம் முற்றிலும் சரி. எச்சில் துப்புபவருக்கும் அவருக்கும் ஒரே அளவுகோல் பயன்படாது.

யார் வசூலிப்பது

பழைய முறையில் நகராட்சி வழக்குத் தொடரும். மாஜிஸ்திரேட் விசாரித்து அபராதம் விதிப்பார். இதில் நியாயத்துக்குப் பாதுகாப்பு அதிகம், வேகம் குறைவு. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமாயின், மாநிலச் சட்டம் வேறு காலக்கெடு கூறாதவிடத்து, ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த வரம்பு 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் ஆறு மாதம் கடந்துவிடும் அலுவலகங்களில், மீறியவர் தப்புவது சட்டத்தாலன்று, நாட்காட்டியால்.

ஆகவே ஸ்தலத்திலேயே விதிக்கும் உடனடி அபராதம் விரும்பப்படலாயிற்று. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஓராண்டுக்குள் துணைவிதிகள் வகுக்குமாறும், உடனடி அபராதத்துக்கான அளவுகோல்களை நிர்ணயிக்குமாறும் உள்ளாட்சி அமைப்புகளைப் பணித்தன. வேகம் கூடியது. ஆனால் கண்டுபிடிப்பவர், தீர்ப்பளிப்பவர், பணம் பெறுபவர் மூவரும் ஒருவரேயாகும்போது எழும் அபாயமும் கூடியது. அச்சிட்ட எண்ணுள்ள ரசீது, மேல்முறையீடு கேட்க ஒரு மேலதிகாரி, அதற்குக் குறித்த நாள் இவை மூன்றும் இல்லாமல் உடனடி அபராதத்துக்கு மன்றம் ஒப்புதல் தருவது விவேகமன்று.

மும்பையின் அனுபவம் இதில் படிப்பினை நிறைந்தது. 2006ஆம் ஆண்டில் அந்நகரம் தூய்மைக்கான தனித் துணைவிதிகளை வகுத்தது. பொது இடத்தில் துப்பினால் இருநூறு ரூபாய். அடுத்த ஆண்டு முதல் தனியார் நிறுவனங்கள் வழியே தூய்மைக் காவலர்கள் நியமிக்கப்பட்டனர். வசூலாகும் அபராதத்தில் பாதி அந்த நிறுவனங்களுக்கு. தகராறுகளும் மிரட்டிப் பணம் பறித்ததாகப் புகார்களும் எழுந்து, இத்திட்டம் நிறுத்தப்படுவதும் மீண்டும் தொடங்கப்படுவதுமாக இருந்தது. இதற்குக் காவலர்களின் குணத்தைக் குறை கூறிப் பயனில்லை. வசூலில் பங்கு பெறுபவர், நகரம் தூய்மையாவதை விரும்புவதற்குக் காரணமில்லை. மீறல்கள் தொடர்வதிலேதான் அவருக்கு வருமானம். ரயில் நிலைய வாசலில் நின்றால் ஒரு நாளில் பலரைப் பிடிக்கலாம்; நள்ளிரவில் இடிபாடு கொட்டும் லாரியைத் துரத்தினால் ஒன்றும் கிட்டாமல் போகலாம். எங்கே நிற்பார் என்பது வெளிப்படை. இதே காரணத்தால், பட்ஜெட்டில் அபராத வரவுக்கு இலக்கு நிர்ணயிப்பதும் தவறான வழக்கம். அபராதம் வெற்றி பெற்றால் வரவு குறைய வேண்டும். ஆண்டுதோறும் உயரும் அபராத வரவு விதி தோற்றதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம்.

முதலில் பணி

ரத்லம் நகராட்சி வழக்கு உள்ளாட்சி நிர்வாகம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் பாடமாக வேண்டியது. மத்தியப் பிரதேசத்தின் அந்நகரில் ஒரு வார்டின் குடியிருப்போர், திறந்த சாக்கடையாலும் கழிப்பிட வசதியின்மையாலும் சாராய ஆலைக் கழிவாலும் வாழ முடியவில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டனர். பொதுத் தொல்லையை அகற்றும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவின் கீழ் அவர் நகராட்சிக்கே உத்தரவிட்டார். பணமில்லை என்று நகராட்சி வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980 ஜூலையில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, நிதி நெருக்கடியைக் காட்டி அடிப்படைக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது எனக் கூறிப் பொதுக் கழிப்பிடங்களுக்கும் வடிகாலுக்கும் காலக்கெடு விதித்தது.

பிரஜைக்கு அபராதம் விதிக்கும் அமைப்பே பொதுத் தொல்லைக்குக் காரணமானவராக நீதிமன்றத்தின் முன் நின்றது. கழிப்பிடமில்லாத தெருவில் திறந்தவெளியை அசுத்தம் செய்தவரைத் தண்டிப்பதும், குப்பை வண்டி வாரம் ஒருமுறை வரும் பேட்டையில் தெருவில் கொட்டியவரைத் தண்டிப்பதும் எந்த நியாயத்தில் சேரும்? அங்கே விதியை மீறாமலிருக்க வழியே இல்லை. வழியில்லாதவர் மீது விதிக்கும் அபராதம் அவர் நடத்தையை மாற்றாது. அவர் பணத்தை எடுத்துக்கொள்ள மட்டுமே பயன்படும்.

பணியையும் தண்டத்தையும் சரியான வரிசையில் வைத்த நகரங்களும் உள்ளன. 1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் தோன்றியது. லட்சக்கணக்கானோர் சில நாட்களில் நகரைவிட்டு வெளியேறினர். 1995 மே மாதத்தில் மாநகராட்சிக் கமிஷனராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ராவ் முதலில் கை வைத்தது அபராதப் பட்டியலில் அன்று, அதிகாரிகளின் நாளில். நகரம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, கமிஷனரின் நிர்வாக, நிதி அதிகாரங்கள் மண்டலத் தலைவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. மூத்த அதிகாரிகள் அனைவரும் தினமும் காலையில் தெருவில் இருக்க வேண்டும் என்ற நியதி வந்தது. குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீர், கழிப்பிடம், தளமிட்ட பாதைகள் அமைக்கப்பட்டன. இவற்றுடன்தான் குப்பை கொட்டுவோரிடமும் சுகாதாரக் கேடான உணவகங்களிடமும் நிர்வாகக் கட்டணம் என்ற பெயரில் தண்டம் வசூலிக்கப்பட்டது. ஆக்கிரமிப்பு அகற்றலில் செல்வாக்குடையோரின் கட்டடங்களுக்கும் விலக்கு இல்லை. மக்கள் இந்தத் தண்டத்தை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே முக்கியக் காரணம் எனலாம். மறு ஆண்டே நாட்டின் தூய நகரங்களில் சண்டிகருக்கு அடுத்த இடம் சூரத்துக்குக் கிடைத்தது. இந்தூரும் இதே வரிசையில்தான் சென்றது. 85 வார்டுகளிலும் வீடுதோறும் குப்பை சேகரிக்கும் வண்டிகள் தவறாமல் ஓடத் தொடங்கிய பின்னரே, தெருவில் கொட்டுவோர் மீது கெடுபிடி வந்தது. 2017 முதல் 2023 வரை தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில் அந்நகரம் தொடர்ந்து முதலிடம் பெற்றது. 2023ஆம் ஆண்டில் அவ்விடத்தை அதனுடன் பகிர்ந்துகொண்டது சூரத்.

எளியோர் மீது சுமை

எல்லோருக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் போலத் தோன்றும். ஐந்நூறு ரூபாய் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் உழைப்பு; மொத்த வியாபாரிக்கு ஒரு தேநீர்ச் செலவுக் கணக்கு. ஃபின்லாந்தில் 1921 முதல் வருமானத்தை அளவாகக் கொண்டு அபராதம் நிர்ணயிக்கும் முறை உள்ளது. வருமானக் கணக்கே இல்லாத பெரும்பான்மையினரைக் கொண்ட நம் நகரங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் மீறுபவரின் வகையைப் பார்த்து வேறுபடுத்தலாம்: வீடு, சிறுகடை, உணவகம், திருமண மண்டபம், கட்டட ஒப்பந்தக்காரர் என்று. முதல் முறைக்கு எச்சரிக்கையும் மறுமுறைக்கு இரட்டிப்பும் விதிக்கலாம். இதற்கு ஒழுங்கான பதிவேடு தேவை. பாரதிய நியாய சன்ஹிதா சமூக சேவையைத் தண்டனை வகைகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. சிறு திருட்டு, குடிபோதையில் பொது இடத்தில் ஒழுங்கீனம் போன்ற சில குற்றங்களுக்கே அது பொருந்தும். துணைவிதி மீறலுக்கு அதைக் கொண்டுவர வேண்டுமாயின் மாநிலச் சட்டத்தில் இடம் வேண்டும்.

தெரு வியாபாரிகள் விஷயத்தில் நாடாளுமன்றமே வழி வகுத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் மீதான அபராதம் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டலாகாது. பறிமுதல் செய்த பொருள்களுக்குப் பட்டியல் தர வேண்டும். காய்கறி, பழம் போன்ற அழியும் பொருளாயின் கேட்ட அன்றே, மற்றவையாயின் இரண்டு வேலை நாட்களுக்குள் கட்டணம் பெற்றுத் திருப்பித் தர வேண்டும். பறிமுதலான கூடைத் தக்காளி இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் அபராதம் எவ்வளவாக இருந்தால் என்ன, முதல் போய்விட்டது. இந்த நுணுக்கத்தைச் சட்டம் கண்டுகொண்டதற்குக் காரணம், வியாபாரிகளின் அமைப்புகள் நீண்டகாலம் போராடித் தங்கள் குரலைச் சட்டம் இயற்றுவோரிடம் சேர்த்ததேயாகும். நகர விற்பனைக் குழுக்களில் நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாத இடம் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும் அதே சட்டத்தில்தான்.

விவாதிக்க மன்றம் வேண்டும்

அபராதத்தை விவாதிக்கும் மன்றத்தைக் குறை கூறுவது எளிது. மன்றமே இல்லாத நகரங்களின் நிலையோடு ஒப்பிட்டால், அந்த ஒரு மணி நேர வாதத்தின் அருமை புரியும். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243யு பிரிவு. ஆயினும் சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. பெங்களூரு மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. 2025ஆம் ஆண்டில் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. மும்பையில் 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்தது. இக்காலங்களில் மன்றத்தின் அதிகாரங்களை அரசு நியமித்த அதிகாரிகள் செலுத்தினர். அவர்களில் திறமையும் நேர்மையும் உடையோர் பலர் இருந்திருக்கலாம். ஆனால் பிடிபடப் போவது தள்ளுவண்டிக்காரர்தானே என்று எழுந்து நின்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோர் செய்தது என்பதற்காகத் துணைவிதிக்கு நீதிமன்றங்கள் காட்டிவரும் ஆதரவான கண்ணோட்டத்துக்கு, தேர்ந்தெடுக்கப்படாதோர் செய்த துணைவிதி எவ்வளவு உரிமை கொண்டாட முடியும் என்ற கேள்வியும் எழுகிறது.

2025ஆம் ஆண்டில் மும்பை மாநகராட்சி திடக்கழிவுத் துணைவிதிகளுக்குப் புதிய வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டது. திருத்தப்பட்ட அபராதங்களோடு, வீடுகளிடமிருந்து குப்பை சேகரிப்புக் கட்டணம் பெறும் யோசனையும் அதில் இருந்தது. கட்டணத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆட்சேபங்களைத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். அவற்றுக்கு என்ன பதில் என்று பகிரங்கமாகக் கேட்கும் இடம் அப்போது அந்நகரில் இல்லை. 2026 ஜனவரி 15 அன்று தேர்தல் நடைபெற்று, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின் மும்பைக்கு மீண்டும் மன்றம் கிடைத்தது.